முதுமைக்கு இடந்தரும் ஊர்



புறநானூற்றில் முதுமையைப் பாடிய புலவருள் இருவரை இங்கு இணைத்து எண்ணுதல் தகும். ஒருவர் பிசிராந்தையார், மற்றவர் தொடித்தலை விழுத்தண்டினார். முன்னவர், ஆண்டு பல கடந்தும் நரை தோன்றாதது ஏன் என்று வினவியோர்க்கு விடை கூறியவர். பின்னவர், இருமலுக்கிடையே சில சொற்களே பேசும் முதியவராய்க் கோலூன்றி நின்று, மரக்கிளையிலிருந்து ஆழ்மடுவில் பாய்ந்து விளையாடிய இளமையை எண்ணி இரங்கியவர்.

பிசிராந்தையார் தந்த விடை ஆழ்ந்து நோக்கற்பாலது. மருந்தையோ நோன்பையோ அவர் காரணமாகக் கூறவில்லை. பண்பிற் சிறந்த மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், கருத்தொத்த ஏவலர், முறை தவறாது காக்கும் வேந்தன் என்று அடுக்கி, அவற்றின் மேலாகத் தம் ஊரில் சான்றோர் பலர் வாழ்வதைக் கூறினார். வீடும் அரசும் ஊரும் ஒருங்கே துணைநின்றால் முதுமை சுமையாகாது என்பதே அவ்விடையின் சாரம்.

இம்மூன்றும் இன்று எந்நிலையில் உள்ளன? 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூற்றுவருள் பதின்மருக்கு மேற்பட்டோர் அறுபது வயதைக் கடந்தவர்கள். பிள்ளைகள் தொழில் நாடி அயலூர்களுக்கும் அயல்நாடுகளுக்கும் சென்றுவிட, முதியோர் இருவரோ ஒருவரோ மட்டும் எஞ்சியுள்ள வீடுகள் பெருகின. பெற்றோரைப் பேணுதல் பிள்ளைகளின் கடமை என்பதை 2007ஆம் ஆண்டில் சட்டமாகவே இயற்ற வேண்டியதாயிற்று. சட்டம் சோற்றுக்கு வழி செய்யும். உடனமர்ந்து உண்பாரை அது தர இயலாது.

அரசின் கை நீளாமலும் இல்லை. தமிழகத்தில் முதியோர் உதவித்தொகை 1962இலேயே தொடங்கியது. 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உரிய மாத்திரைகளை இல்லந்தோறும் கொண்டு சென்றது. 2025இல் எழுபது வயது கடந்தோரின் வீட்டுக்கே குடும்ப அட்டைப் பொருள்களைக் கொண்டு சேர்க்கும் திட்டமும் வந்தது. இவை போற்றத்தக்கவை. ஆயினும், எல்லாம் வீட்டுக்கே வந்து சேரும்போது முதியவர் வெளியே வருவதற்குரிய காரணம் ஒவ்வொன்றாய்க் குறைவதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மாத்திரை வாங்கப் போன இடத்தில் நால்வரைக் கண்டு பேசியதும் ஒரு மருந்தாகவே இருந்தது.

எனவே மூன்றாவதாகிய ஊரே இன்று முதன்மை பெறுகின்றது. உலக நலவாழ்வு நிறுவனம் 33 நகரங்களில் முதியோரிடம் கருத்தறிந்து, 2007இல் ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டது. டெல்லியும் உதயப்பூரும் அந்நகரங்களுள் அடங்கும். பொதுவிடங்களும் கட்டடங்களும், போக்குவரத்து, வீடு, சமூக ஈடுபாடு, மதிப்பும் அரவணைப்பும், பொதுப்பணியும் வேலைவாய்ப்பும், செய்தித் தொடர்பு, நலவாழ்வுப் பணிகள் என எட்டுத் துறைகளை அந்நூல் வகுத்தது. எட்டனுள் மருத்துவத்துக்கு உரிய இடம் ஒன்றே என்பது கருதத்தக்கது. பிசிராந்தையாரின் விடைக்கு இது அயலானதன்று.

ஊர் செய்ய வேண்டுவன பெரிதும் சிறு செயல்களே. விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் 12 மீட்டர் அகலமுள்ள சாலையைப் பத்து விநாடியில் கடப்பார், 0.8 மீட்டர் நடப்பவருக்குப் பதினைந்து விநாடி வேண்டும். அந்த ஐந்து விநாடியைத் தர மறுக்கும் சாலை விளக்கு, முதியவரை வீட்டுக்குள் பூட்டும் பூட்டாகிவிடுகின்றது. உயரங்குறைந்த நடைமேடை, கைப்பிடியுள்ள படிக்கட்டு, நிழலில் ஓர் இருக்கை, தூய்மையான கழிப்பிடம் ஆகியன ஆடம்பரங்கள் அல்ல. திண்ணை இருந்த காலத்தில் தெருவே முதியோரின் அவையாக விளங்கிற்று. திண்ணை போய் மதிற்சுவர் எழுந்த இடத்தில், அதற்கு ஈடாக ஒன்றை ஊர் அமைத்துத் தந்தாக வேண்டும்.

இலக்கிய அமைப்புகளும் இக்கடமையினின்று நீங்கியவை அல்ல. மாடி அரங்கில், இரவு நெடுநேரம் நீளும் கூட்டம், யாப்பையும் உரையையும் ஐம்பதாண்டு கற்ற முதியவரை வாயிலிலேயே நிறுத்திவிடுகின்றது. வராதவரைப் பற்றி எவரும் வினவுவதில்லை. ஆண்டறிக்கையில் அவர் பெயர் மட்டும் நிற்கும். தரைத்தளத்தில், பகலொளி இருக்கும்போதே முடியும் கூட்டமும், பேரெழுத்தில் அச்சிட்ட அழைப்பும், அழைத்து வந்து திரும்பக் கொண்டுவிடும் ஓர் இளைஞரும் போதும். அவர் மீண்டும் அவைக்கு வருவார். வருபவரைப் பொன்னாடை போர்த்தி முன்வரிசையில் அமர்த்துவதோடு நில்லாமல், பாடம் சொல்லவும் கேட்டல் வேண்டும். பத்தாண்டு நிறைந்த வட்டத்துக்கு இதனினும் சிறந்த பதினோராம் ஆண்டுப் பணி வேறு இல்லை.

தொடித்தலை விழுத்தண்டினாரின் இயற்பெயர் இன்று அறியப்படவில்லை. பாட்டில் அவர் ஊன்றிய கோலே அவருக்குப் பெயராயிற்று. பாட்டால் வந்த அப்பெயர் அவருக்குப் பெருமையே. ஆனால் ஓர் ஊர் தன் முதியவரைக் கோலாகவும் இருமலாகவும் மட்டுமே அறியுமாயின், அது அவ்வூருக்குப் பெருமையாகாது. அவரைப் பெயர் சொல்லி அழைப்பாரும், அவர் சொல்லுக்குக் காத்திருப்பாரும் உள்ள ஊரே முதுமைக்கு இடந்தரும் ஊர். பிசிராந்தையார் வாழ்ந்தது அத்தகைய ஊரில்தான்.