பூ விமானம் ஏறினா கட்டுக்கூலியும் ஏறணும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



பூ ஏற்றுமதி பற்றிப் பேசப் போறேன்னு சொன்னதும் பக்கத்துல ஒரு அக்கா, "பெரிய மார்க்கெட்ல முழம் போட்டு விக்கிறதுக்கே நாக்கு வறளுது, இதுல வெளிநாடா?" என்று சிரிச்சாங்க. நியாயமான கேள்விதான்.

அதிகாரிகள் ‘கொய்மலர்’ என்று சொல்வது காம்போடு வெட்டின ரோஜா, ஜெர்பரா மாதிரிப் பூக்களை. அதுக்கு நம்ம பக்கம் ஓசூர்தான் பேர் போன ஊர். பிப்ரவரி 14 காதலர் தினத்துக்கு அங்கேயிருந்து ரோஜா கப்பல் கப்பலா இல்லை, விமானம் விமானமா போகுது. நாம கையாளுறது உதிரிப்பூ. மல்லி, முல்லை, கனகாம்பரம், சாமந்தி. இதுவும் போகுது. மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைச்சது. 2021 ஜூலையில் மல்லியோட சாமந்தி, பட்டன் ரோஜா எல்லாம் சேர்த்து அமெரிக்காவுக்கும் துபாய்க்கும் அனுப்பினாங்க. மத்திய அரசின் அபேடா நிறுவனம்தான் அதை முன்னே நின்னு விளம்பரப்படுத்தியது. 2020-21-ல் நாடு முழுக்க மல்லியும் பூச்செண்டுமா போனது சுமார் 66 கோடி ரூபாய்க்கு. அதில் தமிழ்நாட்டு விமான நிலையங்கள் வழியா போனது 12 கோடிகூட இல்லை. இத்தனை மல்லி விளையுற மண்ணுக்கு இது ரொம்பக் கம்மி என்பது என் எண்ணம்.

மத்த நாட்டுக்காரங்க பூவை மட்டும் விக்கலை, பூவோட பேரையும் விக்கிறாங்க. ஹாலந்துல ஆல்ஸ்மீர் என்ற ஊர் ஏலக்கூடத்துக்கு விடியறதுக்குள்ள பல நாட்டுப் பூவும் வந்து சேருது. கொலம்பியாவில் பூ வளர்க்கிறவங்க 1973-லேயே சங்கம் கட்டி, அமெரிக்காவுல அன்னையர் தினம், காதலர் தினம்னு ஒவ்வொரு நாளுக்கும் தங்க நாட்டுப் பேரைச் சொல்லி வித்தாங்க. அங்கே தோட்டத்துல வேலை செய்யறதுல பாதிக்கு மேலே பெண்கள். கென்யாவுல நைவாஷா ஏரிக்கரை ரோஜாத் தோட்டங்களிலும் நம்மள மாதிரிப் பொம்பளைங்கதான். அதுல நியாய வணிக முத்திரை வாங்கின தோட்டங்களின் ரோஜா வித்தா, அந்த முத்திரையில் வித்த விலையில் 10 சதவீதம் தனியா வருது. அதை எதுக்குச் செலவு பண்றதுன்னு தொழிலாளர் குழு முடிவு பண்ணுது, முதலாளி இல்லை. இந்த ஒரு விஷயத்தை நீங்க மனசுல வச்சுக்கணும்.

ஏன்னா நம்ம நிலைமை வேற. ஒரு வியாபாரி என்கிட்ட மல்லி கொடுத்துக் கட்டச் சொன்னார். "இது சிங்கப்பூர் போகுதும்மா, நெருக்கமா கட்டு" என்றார். நெருக்கமா கட்டினா நேரம் ஒன்றரை மடங்கு ஆகும். கூலி மட்டும் உள்ளூர்க் கூலி. பூ விலை ஏறுது, பெட்டிச் செலவு ஏறுது, விமானக் கட்டணம் ஏறுது. விரல்ல நார் அறுத்த கோட்டுக்கு மட்டும் விலையே இல்லை.

நம்ம ஊருக்கு ஒரு வசதி இருக்கு. புதுச்சேரிக் குடும்பங்களில் பிரான்சுல ஆள் இல்லாத தெரு உண்டா? பாரீசில் லா சப்பேல் பகுதியில் விநாயகர் தேர் ஓடும்போது தெருவே பூவா கிடக்கும். ‘சொல்தா’ வீட்டுக் கல்யாணம் அங்கே நடந்தாலும் தலைக்குச் சரம் வேணும். தெரியாத நாட்டுல கடை விரிக்கிறதைவிட, தெரிஞ்ச சனத்துக்கிட்ட சொல்றது சுலபம். நாம விளம்பரத்தை அங்கேயிருந்துதான் ஆரம்பிக்கணும்.

ஆனா ஆசையிலே குதிக்கக் கூடாது. மல்லியை மொட்டா, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி பறிக்கணும். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் ஜெல் பை வச்சுக் குளிர் குறையாம சென்னை விமான நிலையம் வரை 150 கிலோமீட்டர் கொண்டு போகணும், லாஸ்பேட்டையிலேயிருந்து வெளிநாட்டு விமானம் கிடையாது. ஏற்றுமதிக் குறியீட்டு எண், அபேடா பதிவு, தாவர நலச் சான்று எல்லாம் வேணும். தனிக் குழுவால ஆகாது, கூட்டமைப்பு பேர்ல எடுத்தா ஆகும். முதல்ல ஏற்கனவே அனுப்புறவங்களுக்குச் சரம் கட்டிக் கொடுப்போம்.

அப்படிக் கொடுக்கும்போது ரசீதுல பூ விலை ஒரு வரி, கட்டுக்கூலி தனி வரி. முழத்துக்கு எத்தனை மொட்டு, எவ்வளவு கூலின்னு முன்கூட்டியே எழுதி வாங்கணும். இதை இன்னைக்கே தீர்மானமா போடச் சொல்லித் தலைவியைக் கேட்டுக்கிறேன். சம்மதம்னா கையைத் தூக்குங்க, செயலாளர் எண்ணி எழுதிக்கட்டும்.