ஏரிக்கு வந்த ஊசிவால் வாத்துகள்

(குறுவளமையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற ஜனவரியில் எங்கள் ஊர் ஏரிக்கு ஊசிவால் வாத்துகள் வந்தன. இப்பள்ளியில் பணியேற்ற ஒன்பது ஆண்டுகளில் அவற்றை நான் அங்கே பார்த்ததில்லை. செய்தி பரவியதும் பக்கத்து நகரத்துப் பறவை ஆர்வலர்கள் விடியற்காலையிலேயே கரைக்கு வந்துவிட்டார்கள். தலைமையாசிரியர், பெற்றோர் அனுமதியுடன் எட்டாம் வகுப்பு மாணவர்களை நானும் அழைத்துச் சென்றேன்.

ஆண் வாத்துக்குக் காப்பிக்கொட்டை நிறத் தலை, கழுத்தில் வெள்ளைக் கோடு, ஊசிபோல நீண்ட வால். ஆசியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் தெற்கே வருபவை இவை. ஒரு ஆர்வலர் தம் இருநோக்கியைக் கொடுக்க, பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்தார்கள். பெரும்பாலான வாத்துகள் அலகை முதுகுச் சிறகில் செருகித் தூங்கிக்கொண்டிருந்தன.

"டீச்சர், ஒரு கல்லு விட்டா எல்லாம் பறக்கும். எண்ணிடலாம்" என்றான் ஒருவன்.

நான் வாய் திறக்கும் முன் ஒரு மாணவி சொன்னாள்: "வேணாண்டா. ராத்திரி பூரா அறுப்பு வயல்ல மேஞ்சிட்டு இப்பதான் தூங்குது. எங்கப்பா பார்த்திருக்காரு."

வகுப்பில் கேள்வி கேட்டால் தலைகுனிந்துகொள்ளும் பெண் அவள். வீட்டில் எருமை வளர்க்கிறார்கள். அந்த ஆர்வலர் உடனே குறிப்பேட்டை எடுத்து, எந்த வயல், எந்நேரம் என்று அவளிடம் கேட்டு எழுதிக்கொண்டார். இவ்வாத்துகள் இரவில் இரைதேடுவது நூல்களில் உள்ள செய்திதான். எங்கள் ஊரில் எந்த வயலில் என்பது அவளுக்குத்தான் தெரிந்திருந்தது.

நண்பர்களே, பகல் ஓய்வு அப்பறவைகளுக்கு உயிர்த்தேவை. விரட்டும்போதெல்லாம், திரும்பும் பயணத்துக்காகச் சேர்த்த கொழுப்பு கரைகிறது. இதைச் சொன்னதும் கல் கேட்டவனே மற்றவர்களை உட்காரவைத்தான். மூன்று குழுக்கள் எண்ணின. 38, 45, 41 என்று மூன்று விடைகள். ஏன் வேறுபட்டன என்று பேசியதில் சராசரியும் மதிப்பீடும் தாமாக வந்தன.

"போன வருஷம் ஏரி ரொம்பியிருந்துச்சே, ஏன் வரல?" என்றும் கேட்டார்கள். இவை மூழ்கி இரைதேடும் வாத்துகள் அல்ல. வாலை மேலே தூக்கி, கழுத்து எட்டும் ஆழத்தில்தான் மேயும். ஆழமான நீர் ஒரு காரணமாக இருக்கலாம். உறுதி செய்ய, கரையோர நீர்மட்டத்தையும் பறவை எண்ணிக்கையையும் இப்போது மாதந்தோறும் பதிவேட்டில் குறிக்கிறார்கள். பறவை இல்லாத நாளில் சுழியம் என்று எழுதுகிறார்கள். அதுவும் தரவுதான்.

ஆண்டுதோறும் பொங்கலையொட்டி நான்கு நாட்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் கவனித்து, கண்ட பறவைகளை இபேர்ட் தளத்தில் பதிவிடலாம். கட்டணம் கிடையாது.

உங்கள் ஊர்க் குளத்துக்கும் ஒரு வகுப்பை அழைத்துச் செல்லுங்கள். நீரில் இறங்கவிடாமல் கரையிலேயே நிறுத்துங்கள். போகுமுன், அந்தக் குளத்தை நன்கு அறிந்தவர் யார் என்று மாணவர்களிடம் கேளுங்கள். கையுயர்த்தும் பிள்ளையை அன்று முன்னால் நடக்கவிடுங்கள்.