கரை உயர்ந்தால் போதுமா?



பருவநிலை மாற்றம்னு சொன்னதும் நமக்குத் துருவத்துப் பனிதான் ஞாபகம் வருகிறது. எஞ்சினியர்களாகிய நாம் வங்கதேசத்தின் தென்மேற்குக் கரையைப் பார்க்க வேண்டும்.

1970-ல், கிழக்குப் பாகிஸ்தானாக இருந்தபோது, ஒரே புயலில் சுமார் மூன்று லட்சம் பேர் மாண்டார்கள். 2007-ல் சிதர் புயலில் இறந்தவர்கள் ஏறத்தாழ 3,400. நடுவில் என்ன நடந்தது? 1972-ல் தொடங்கிய புயல் எச்சரிக்கைத் திட்டம், மெகாபோனோடு வீதி வீதியாகப் போகும் தொண்டர்கள், தூண்கள் மேல் கட்டிய புகலிடங்கள். மற்ற நாட்களில் அவற்றில் பல பள்ளிக்கூடங்கள். ஏழை நாடும் உயிரைக் காக்க முடியும்.

சரி, உயிர் தப்பியவன் எதை வைத்துப் பிழைப்பான்? 2009-ல் ஐலா புயல் கரைகளை உடைத்தது. சில ஊர்களில் இரண்டு வருஷம் வரை உப்புத் தண்ணி வந்து வந்து போனது. குளத்துத் தண்ணியை வாயில் வைக்க முடியலை. குடிநீருக்குப் பெண்கள் வெகுதூரம் நடந்தார்கள். நெல் வயல்கள் பல ஏற்கெனவே இறால் பண்ணைகளாகியிருந்தன. பண்ணைக்குக் கொஞ்சம் ஆள் போதும். மற்றவர்கள் நகரத்துக்குப் போனார்கள்.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கரைகள் பெரும்பாலும் 1960-களில் கட்டியவை. உப்பு நீரைத் தடுத்தன, நெல் விளைந்தது. ஆனால் வண்டலையும் தடுத்துவிட்டன. ஆறு மேடாச்சு, உள்ளே நிலம் பள்ளமாச்சு, மழைத் தண்ணி வடியவில்லை. 1990-ல் பீல் டகாதியாவில் ஊர்க்காரர்களே கரையை வெட்டிக் கடல் ஓதத்தை உள்ளே விட்டார்கள். வண்டல் படிந்தால் நிலம் உயரும் என்பது அவர்கள் கணக்கு. பிற்பாடு அரசாங்கமும் அந்த முறையை ஏற்றது. கடல்மட்டம் உயர உயர அந்தக் கணக்கின் மதிப்பும் கூடுகிறது. ஆனால் வண்டல் படியும் வருஷங்களில் அந்த வயலில் விளைச்சல் இல்லை. அதற்கு யார் ஈடு கொடுப்பது?

உலகம் விடும் கரிப்புகையில் அந்த நாட்டின் பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை. இழப்புக்கு ஒரு நிதி வேண்டும் என்று உலக நாடுகள் ஒத்துக்கொண்டதே 2022-ல், எகிப்து மாநாட்டில்தான்.

தம்பி தங்கைகளே, நாளை நீங்கள் கரை போடும்போது வெள்ளம் எத்தனை அடி வரும்னு மட்டும் கேட்காதீங்க. தண்ணி எப்படி வடியும், மண் எங்கே போகும், யார் வயல் போகும் என்றும் கேளுங்கள். அந்த ஊர்க்காரரிடமே கேளுங்கள்.