வீணையின் விலை

நவராத்திரி நெருங்கும் நாட்களில் வெளிமாநிலத் தமிழர் இல்லங்களில் ஒரு கேள்வி எழுவதுண்டு. "குழந்தைக்கு வீணை வாங்க வேண்டும்; நல்ல வீணை என்ன விலை ஆகும்?" என்பது அது. விலையைக் கேட்டவுடன் இரண்டாவது கேள்வி பிறக்கின்றது: "ஒரு மரக்கட்டைக்கா இவ்வளவு?" இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான் இன்று நேயர்களுடன் சற்றுப் பேச விரும்புகிறேன்.

நான் வசிப்பது ஹைதராபாத்தில், உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தை அடுத்த தார்நாகா. ரயில்வேயையும் பல்கலைக்கழகத்தையும் ஆராய்ச்சிச் சாலைகளையும் நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் இப்பகுதியில் உண்டு. 'தார்' என்றால் கம்பி, 'நாகா' என்றால் சாவடி. கம்பிவேலிச் சாவடி என்று ஊர்ப் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். பாரசீகத்திலிருந்து உருதுவுக்கு வந்த அதே 'தார்' சிதாரின் பெயரிலும் இருக்கின்றது. மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு, வேலிக் கம்பியும் வாத்தியத் தந்தியும் ஒரே சொல்லில் குடியிருப்பது வேடிக்கையாகப் படுகின்றது. நிற்க.

வீணை பிறப்பது பலா மரத்தில். தஞ்சாவூர்க் கைவினைஞர் பண்ணுருட்டிப் பக்கத்துப் பலாவை விரும்பி வாங்குவர். எடை குறைவு, எளிதில் பூச்சி அரிக்காது, நாதத்தைத் தடுக்காது என்பன அதன் குணங்கள். குடம், தண்டி, யாளி முகம் ஆகிய மூன்றையும் தனித்தனியே குடைந்து பொருத்துவது ஒட்டு வீணை. மூன்றையும் ஒரே மரத்தில் குடைந்தெடுப்பது ஏகாண்ட வீணை. ஏகாந்த வீணை என்றும் வழங்குவர். இரண்டுக்கும் விலையில் பெருத்த வேற்றுமை உண்டு. ஒட்டு வீணை சில பதினாயிரம் ரூபாயில் கிடைக்கும்போது, நல்ல ஏகாண்ட வீணை இலட்சத்தை எட்டிப் பார்க்கின்றது.

காரணம் மாயமன்று. வீணை நாலடிக்கு மேல் நீளமுள்ளது. குடத்தின் அகலம் ஓரடிக்கு மேற்பட்டது. தண்டியோ கைக்குள் அடங்கும் பருமன். ஒரே மரத்தில் செய்வதென்றால், குடத்துக்கு வேண்டிய பருமன் அடிமுதல் நுனிவரை உள்ள மரம் வேண்டும். தண்டிக்காகச் செதுக்கும்போது அதன் பெரும்பகுதி சிராய்களாகத் தரையில் வீழ்ந்துவிடும். வேலை பாதி முடிந்த பின் உள்ளே ஒரு கணுவோ வெடிப்போ வெளிப்பட்டால், மரமும் போயிற்று, உழைத்த நாட்களும் போயின. ஒட்டு வீணையில் பழுதுபட்ட துண்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆக, ஏகாண்ட வீணைக்கு நாம் தரும் விலையில், வாத்தியமாக ஆகாமற்போன மரத்துக்கும் ஒரு பங்கு இருக்கின்றது.

ஆனால் மரத்தைக் காட்டிலும் அரிய பொருள் ஒன்று உண்டு. அது கைவினைஞனின் காது. தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில், அவருடைய அமைச்சர் கோவிந்த தீட்சிதரின் துணையோடு, 24 மெட்டுக்கள் நிலையாகப் பொருந்திய வீணை வழக்கத்துக்கு வந்தது என்பர். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதி அது. ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டாக இரண்டு ஸ்தாயிக்கு 24 மெட்டு. தேன்மெழுகுடன் கரிப்பொடி சேர்த்துத் தண்டியின் மேல் இரண்டு வரம்புகளாகக் கட்டி, மெழுகு இளகியிருக்கும்போதே மெட்டுக்களை ஒவ்வொன்றாகப் பதிப்பார்கள். இதற்கு மேளம் கட்டுதல் என்று பெயர். அளவுகோல் ஓரளவுக்குத்தான் உதவும். தந்தியின் கனம், குதிரையின் உயரம், விரல் அழுத்தும்போது தந்தி ஏறும் இழுப்பு, இவையெல்லாம் வீணைக்கு வீணை வேறுபடும். மெட்டு ஒரு மயிரிழை நகர்ந்தால் காந்தாரம் காந்தாரமாக இராது. தந்தியை மீட்டி, கேட்டு, நகர்த்தி, மறுபடி மீட்டிக் கேட்டே இது முடியவேண்டும். இந்தக் காதுக்குத் தனியாக யாரும் விலைச்சீட்டு எழுதுவதில்லை.

இங்கே சற்று அமெரிக்கா வரை சென்று வர நேயர்கள் அனுமதிக்க வேண்டும். அங்கே பிடிலைப் போல் மேற்பலகையை வில்லாகச் செதுக்கிச் செய்யும் கித்தார் வகை ஒன்று உண்டு. ஆர்ச்டாப் என்று அதனை அழைப்பர். ஜாஸ் குழுவின் எக்காளங்களுக்கிடையே மின்சாரத்தின் துணையின்றி ஒலிக்க வேண்டும் என்ற தேவை அதனை வளர்த்தது. கிப்சன் நிறுவனத்தார் 1922-இல் வெளியிட்ட எல்-5 அவ்வகையில் புகழ்பெற்றது. பின்னர் நியூயார்க் நகரில் ஜான் டி ஆஞ்செலிக்கோ என்பவர் 1932 முதல் தமது சிறிய பட்டறையில், வாடிக்கையாளரின் கைக்கும் விருப்பத்துக்கும் ஏற்பக் கித்தார்களைச் செய்து கொடுத்தார். 1964-இல் அவர் மறையும்வரை செய்தவை ஏறத்தாழ 1,160 தான். அவரிடம் தொழில் பயின்ற ஜேம்ஸ் டி அக்விஸ்டோவும் 1995-இல் காலமானார். இன்று அவ்விருவர் கைபட்ட கித்தார்கள் நம் நாணயத்தில் பல இலட்சங்களுக்கு விற்கின்றன. அவற்றை வாங்கி வாசியாமல் பெட்டிக்குள் பூட்டி வைப்பவர்களும் உண்டாம். செய்தவன் போய்விட்டான், இனி ஒன்று வராது என்பதே அந்த விலையின் பெரும்பகுதி.

நம் வீணையின் நிலை இதற்கு நேர்மாறு. செய்பவர் நம் காலத்தில் உயிரோடு உளியும் கையுமாக அமர்ந்திருக்கிறார். அவரிடம்தான் நாம் பேரம் பேசுகிறோம். பழைய வீணைக்கோ நம்மிடையே அத்தகைய சந்தை இல்லை; பாட்டியின் வீணை பரணில் கிடக்கின்றது. வீணை தனம்மாள் (1867–1938) சென்னையில் தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தபோது, அந்த மெல்லிய நாதத்துக்காக வித்துவான்கள் மூச்சை அடக்கி அமர்ந்திருந்தார்கள் என்று சொல்வார்கள். அந்த நாதத்தைப் புகழ்ந்து எழுதியவர் பலர். அந்தக் குடத்தைக் குடைந்தவர் யார் என்று கேட்டவர் மிகச் சிலரே. வீணை செய்தவனின் பெயரை வீணையில் பொறிக்கும் பழக்கம் நம்மிடம் வேரூன்றாமற்போனது ஒரு குறை என்றே எனக்குத் தோன்றுகின்றது.

2013-இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தெலுங்கு நாட்டில் பொப்பிலி வீணையும் அக்குறியீடு பெற்றிருக்கின்றது. பொப்பிலியை அடுத்த கொல்லப்பள்ளியில் சர்வசித்தி என்னும் பெயர் தாங்கிய குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக ஒரே பலாமரத்தில் வீணை குடைந்து வருகின்றனர். ஆந்திரத்திலும் தெலங்காணாவிலும் வாழும் தமிழர், நல்ல வீணை தஞ்சையில் மட்டுமே பிறக்கும் என்று எண்ண வேண்டியதில்லை. ஏமனி சங்கர சாஸ்திரியும் (1922–1987) அவருடைய மாணாக்கர் சிட்டிபாபுவும் (1936–1996) தெலுங்கு நாட்டில் பிறந்தவர்களே. சிட்டிபாபுவின் வீணையைத் தமிழ்நாடு தன் வீணையாகவே கேட்டது. எனினும் புவிசார் குறியீடு பெயரைக் காக்குமேயன்றிக் கூலியை உயர்த்தாது. படித்த பிள்ளைக்கு மாதச் சம்பளம் எங்கேனும் நிச்சயமாகக் கிடைக்கும்போது, அவன் உளியை எடுப்பானா என்பதுதான் தஞ்சையிலும் கொல்லப்பள்ளியிலும் பெற்றோர் மனத்தில் இருக்கும் கேள்வி.

வாங்கும் விலையோடு செலவு முடிந்துவிடுவதும் இல்லை. காவிரிக் கரையின் ஈரக் காற்றில் இருந்த மரம் தக்காணத்துக்கு வருகின்றது. இங்கே கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். காற்றில் ஈரமே இராது. மரம் சுருங்கும், ஒட்டுகள் நெகிழலாம், பிருடைகள் வழுக்கும், மெழுகு இளகி மெட்டு சாயும். வெயில்படும் சன்னலோரம், மூடிய மோட்டார் வண்டி இவ்விரண்டும் வீணைக்குப் பகை. நீண்ட பயணத்துக்கு முன் தந்திகளைச் சற்றுத் தளர்த்திவிடுவது நலம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மேளத்தைப் புதிதாகக் கட்டவும் வேண்டும். அதற்குத் தெரிந்த கை பக்கத்தில் இல்லாத ஊரில், வீணையே ஊருக்குப் போய் வரவேண்டியதாகின்றது. இந்தச் செலவை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அடிக்கடி மாற்றலாகும் உத்தியோகஸ்தர்களுக்கு ஏகாண்ட வீணைதான் வேண்டுமென்பதில்லை என்பது என் அபிப்பிராயம். நன்கு பொருத்திய ஒட்டு வீணை குழந்தையின் பயிற்சிக்குப் போதும். யாளியின் கண்ணுக்கும் குடத்தின் பூவேலைக்கும் கொடுக்கும் பணத்தை மேளம் கட்டுபவருக்குக் கொடுத்தால், சுரம் சுத்தமாகப் பேசும். முன்னாளில் அலங்காரத்துக்குத் தந்தம் பதித்தார்கள். வனவிலங்குச் சட்டங்கள் வந்தபின் அவ்விடத்தில் பிளாஸ்டிக் வந்து அமர்ந்துவிட்டது. அதற்காக அதிகம் கொடுப்பானேன்?

விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது பட்டறைக்கு நேரில் போங்கள். குழந்தையையும் அழைத்துச் செல்லுங்கள். எத்தனைக் கட்டைச் சுருதி என்று சொல்லுங்கள். குழந்தையைத் தரையில் உட்காரவைத்து, கை எட்டும் அளவைக் காட்டுங்கள். இயன்றால் மேளம் கட்டும் நாளில் உடனிருங்கள். செய்து முடித்தவரிடம் அவர் பெயரையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதித் தரச் சொல்லி, அதை வீணையின் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மேளம் சாயும்போது யாரிடம் அனுப்புவது என்று அந்தச் சீட்டு சொல்லும்.