பரப்பில் நடப்பது



குறைகடத்திக் கருத்தரங்கைக் கல்லங்குறிச்சியில் கூட்டியிருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சுண்ணாம்புக்கல் வெட்டும் இந்த ஊரின் பெயரைப் புவியியலார் ஒரு பாறைத் தொகுதிக்கே வைத்திருக்கிறார்கள். கிரெட்டேசியஸ் காலத்தின் கடைசிக் கட்டத்தில் இங்கே அலையடித்த கடலின் சிப்பிகள் அதில் படுகை படுகையாகக் கிடக்கின்றன. கல்லைக் கையில் எடுத்துப் பார்த்துப் பழகிய ஊரில், அப்படிப் பார்த்தே இயற்பியலுக்கு வந்த ஒருவரைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

அய்யாசாமி ஜெயராமன் பெங்களூரில் சர் சி.வி. ராமனிடம் வேலை கற்றவர். 1950இல் இருவரும் சேர்ந்து லாப்ரடோரைட் கல்லின் வண்ண மினுக்கத்தையும் இலங்கை நிலாக்கல்லின் ஒளியையும் ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினார்கள். லாப்ரடோரைட்டில் சாயம் எதுவும் இல்லை. சற்றே வேறுபட்ட இருவகை ஃபெல்ட்ஸ்பார் மெல்லிய ஏடுகளாக மாறி மாறி அமைந்திருக்க, ஏடுகளின் எல்லைகளில் பட்டுத் திரும்பும் ஒளிதான் நீலமாகவும் பொன்னாகவும் தெரிகிறது.

பிறகு அவர் அமெரிக்கா சென்றார். ஜெர்மானியமும் சிலிக்கானும் அழுத்தம் கூடக்கூடக் குறைந்த வெப்பநிலையிலேயே உருகுகின்றன என்று காட்டிய அளவீடுகளில் அவருக்குப் பங்குண்டு. அந்தக் கட்டுரை 1963இல் வந்தது. அடுத்துப் பெல் ஆய்வகம். 1970இல் வெங்கடேஷ் நாராயணமூர்த்தி உள்ளிட்டோருடன் அவர் வெளியிட்ட சமேரியம் சல்பைடு ஆய்வை இங்குள்ள ஒவ்வொரு மாணவரும் தேடிப் படிக்க வேண்டும். கருநிறக் குறைகடத்தி அது. அறை வெப்பநிலையில் சுமார் 6.5 கிலோபார், அதாவது ஏறக்குறைய 6,400 வளிமண்டல அழுத்தம் கொடுத்தால், சட்டென்று உலோகமாகிறது. நிறமும் பொன்மஞ்சளாக மாறிவிடுகிறது. படிக அமைப்பு அதேதான், பருமன் சுருங்குகிறது. சமேரிய அணுவுக்குள் அடைபட்டிருந்த எலக்ட்ரான் வெளியேறிக் கடத்துபட்டையில் சேர்வதால், இணைதிறன் இரண்டிலிருந்து மூன்றை நோக்கி நகர்கிறது. அழுத்தக் கருவியே இல்லாமல் கருநிறப் படிகத்தை மெருகேற்றினாலும் போதும்: தேய்த்த பரப்பு பொன்னிறமாகி அப்படியே நிற்கும், உள்ளே கருமை மாறாது. ஒரே பொருளில் மேல்தோல் உலோகம், உட்புறம் குறைகடத்தி.

பரப்பைத் தொட்டாலே பொருள் மாறிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. பெல் ஆய்வகத்தின் ஜான் பார்டீன் 1947இல் இதையே வேறு வழியில் சொன்னார். குறைகடத்தியின் பரப்பில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 10¹⁵ அணுக்கள் உண்டு. நூற்றுக்கு ஓர் அணு எலக்ட்ரானைப் பிடித்து வைத்தாலே, எந்த உலோகத்தை ஒட்டினாலும் இரண்டுக்கும் இடையே எலக்ட்ரான் தாண்ட வேண்டிய தடுப்பின் உயரம் பெரிதாக மாறாது. அதே ஆண்டு டிசம்பரில் அவரும் சக ஆய்வாளர் பிராட்டெய்னும் ஜெர்மானியத்தில் முதல் டிரான்சிஸ்டரை இயக்கியதும் இந்தப் பரப்புச் சிக்கலோடு மல்லுக்கட்டியபோதுதான்.

நம் கல்லூரி ஆய்வகங்களுக்கு வருவோம். ஸ்பிரே பைராலிசிஸ் முறையில் கண்ணாடி ஸ்லைடின் மேல் துத்தநாக ஆக்சைடு படலம் பூசுகிறோம், எக்ஸ்ரே எடுக்கிறோம், இரண்டு மூலையில் சில்வர் பேஸ்ட் வைத்து மின்தடை அளக்கிறோம். எக்ஸ்ரே படத்துக்கு நான்கு பக்கம் ஒதுக்கும் ஆய்வேட்டில் அந்த இரண்டு பொட்டுக்கு ஒரு வரிகூட இருப்பதில்லை. அளந்த தடையில் படலத்தின் பங்கு எவ்வளவு, தொடுகையின் பங்கு எவ்வளவு? தொடுகையின் தடையை ஒதுக்கிவிடும் நான்குமுனை அளவீட்டுக்குப் பெரிய செலவு இல்லையே! துத்தநாக ஆக்சைடு காற்றில் இருந்தாலே ஆக்சிஜன் அதன் பரப்பில் ஒட்டி எலக்ட்ரானைப் பறித்துக்கொள்ளும். ஐப்பசி அடைமழையில் எடுத்த அளவும் சித்திரை வெயிலில் எடுத்த அளவும் ஒத்துப்போகாததற்கு மாணவரைக் கடிந்து பயனில்லை. சிலிக்கான் துண்டும் அப்படித்தான். காற்றில் வைத்தால் ஓரிரு நானோமீட்டர் ஆக்சைடு தானாக ஏறிவிடும்.

நாட்டில் சில்லு ஆலைகள் எழும்புகின்றன, அதில் எனக்கும் மகிழ்ச்சி உண்டு. அந்த ஆலைகளின் பெரும்பாடு எல்லாமே பரப்பைத் தூய்மையாக வைப்பதில்தான். அந்தப் பழக்கத்தை நம் மாணவர் இங்கேயே பெற முடியும்.

ஆகவே கட்டுரை வாசிக்க வந்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வரைபடத்தைக் காட்டும் முன் மூன்று செய்தி சொல்லுங்கள்: ஸ்லைடை எதில் கழுவினீர்கள், படலம் எத்தனை நாள் காற்றில் இருந்தது, தொடுகையை எப்படி வைத்தீர்கள். தெரியாவிட்டால் குறித்துவைக்கவில்லை என்று தயங்காமல் சொல்லலாம்; விவாதம் அங்கிருந்தே தொடங்கட்டும். முதல் அமர்வின் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.