கொழுந்திலும் விஞ்ஞானம் உண்டு



பிள்ளை தானே செய்துபார்த்துக் கற்க வேண்டும் என்றது 2007ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம். ஆய்வுகூடம் இல்லாத தோட்டப் பாடசாலையில் எதைச் செய்துபார்ப்பது? மனப்பாடம்தான் மிச்சம்.

ஆனால் நாம் பறிக்கும் கொழுந்தே ஒரு பாடம். கசக்கி வைத்தால் காற்றுப் பட்டுச் செம்பு நிறமாகும், அதுதான் ஒட்சியேற்றம். ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகச் சுருங்குவது நீர் ஆவியாவதால். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் வளியமுக்கம் குறைவு. தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதிக்கும். இதைக் காட்ட அடுப்பும் வெப்பமானியும் போதும்.

இவற்றை வகுப்பில் செய்துகாட்டும்படி ஆசிரியர்களைக் கேட்போம். மாணவர்களைத் தேயிலைத் தொழிற்சாலைக்குள் அழைத்துக் காட்டும்படி நிர்வாகங்களைக் கேட்போம். இதையே சாட்டாக வைத்து ஆய்வுகூடத்தை மறுக்க விடமாட்டோம். உயர்தர விஞ்ஞானப் பிரிவு நம் பிள்ளைகளுக்கும் உரியது.