அலுவலர் யாருக்குப் பதில் சொல்வார்?

(ஊரக வளர்ச்சிப் பணியில் பயிற்சி பெறும் அலுவலர்களிடையே நிகழ்த்திய உரை)



அதிகாரப் பரவலைப் பற்றிப் பேசப்படாத மேடையும் இல்லை. அதைப் பரிந்துரைக்காத குழுவும் இல்லை. ஆயினும், வளரும் நாடுகள் பலவற்றில் உள்ளாட்சி மன்றங்கள் சட்டப் புத்தகத்தில் வலுவாகவும் கிராமத்தில் மெலிந்தும் காணப்படுகின்றன. நிதிப் பற்றாக்குறையே காரணம் என்பது வழக்கமான விடை. அது உண்மையே எனினும் முழு விடையாகாது. மன்றத்தின் தீர்மானத்தைச் செயற்படுத்த வேண்டிய அலுவலர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற கேள்வியையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

1952-இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டம் மக்களின் ஈடுபாட்டைப் பெறத் தவறியதை 1957-இல் பல்வந்த்ராய் மேத்தா குழு எடுத்துக்காட்டிற்று. அதன் பரிந்துரைப்படி, 1959 அக்டோபர் 2 அன்று ராஜஸ்தானின் நாகூரில் பஞ்சாயத்து ராஜ் அமைப்பை நேரு தொடங்கி வைத்தார். ஆனால் பிற்பாடு பல மாநிலங்களில் தேர்தல்கள் தள்ளிப் போடப்பட்டன. புதிய திட்டங்கள் துறைகளிடமும் தனி முகமைகளிடமும் ஒப்படைக்கப்பட்டன. மன்றம் இருந்தது, வேலை வேறிடத்தில் நடந்தது. இந்தத் தேக்கத்தை 1978-இல் அசோக் மேத்தா குழு ஆராய்ந்து, மாவட்டத்தையும் மண்டலத்தையும் அடிப்படையாகக் கொண்ட ஈரடுக்கு அமைப்பைப் பரிந்துரைத்தது.

அந்தச் சிந்தனையைச் செயலில் காட்டியது கர்நாடகம். அங்கு 1983-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி 1987-இல் தேர்தல் நடைபெற்றது. ஜில்லா பரிஷத்தின் தலைவருக்கு இணை அமைச்சரின் தகுதி வழங்கப்பட்டது. மாவட்ட ஆட்சியரைவிடப் பணி மூப்புடைய அதிகாரி ஒருவர் பரிஷத்தின் தலைமைச் செயலாளராக அமர்த்தப்பட்டார். வளர்ச்சித் துறைகளின் மாவட்ட அலுவலர்கள் பரிஷத்தின் கீழ்க் கொண்டு வரப்பட்டனர். விளைவு என்ன? ஆசிரியர்களும் மருத்துவப் பணியாளர்களும் வேலைக்கு வருவதில் ஒழுங்கு கூடியதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். பூட்டிக் கிடக்கும் பள்ளியைப் பற்றித் தலைநகருக்கு மனு எழுதிக் காத்திருப்பதற்கும், அருகிலுள்ள உறுப்பினரிடம் நேரில் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு இது. ஆனால் 1992-இல் அம்மன்றங்களின் பதவிக்காலம் முடிந்ததும் நிர்வாகிகள் அமர்த்தப்பட்டனர். மாநில அரசின் விருப்பத்தை மட்டும் நம்பி நிற்கும் உள்ளாட்சி எத்துணை எளிதில் நின்றுவிடும் என்பதற்கு இதுவே சான்று.

இதனோடு மேற்கு ஆப்பிரிக்காவின் கானாவை ஒப்பிடலாம். அங்கு 1988-இல் மாவட்டப் பேரவைகள் அமைக்கப்பட்டன. பல பொறுப்புகள் ஏட்டில் அவற்றிடம் ஒப்படைக்கப்பட்டன. எனினும், உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினரை அரசே நியமித்தது. மாவட்ட நிர்வாகத்தின் தலைவரும் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. வாக்களித்தோர் ஒருபுறமும் நிர்வாகியை அமர்த்தியோர் மறுபுறமும் நிற்கையில், நிர்வாகியின் பார்வை எத்திசையில் திரும்பும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நம் நாட்டில் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல், பெண்களுக்குக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு இடம், மாநில நிதி ஆணையம் ஆகியவற்றை உறுதி செய்தது. பதினோராம் அட்டவணையில் 29 பொருள்கள் இடம்பெற்றன. ஆனால் அவற்றில் எவற்றை, எந்த அளவில் ஒப்படைப்பது என்பது மாநிலச் சட்டமன்றங்களின் முடிவுக்கே விடப்பட்டது. ஆகவே, பல மாநிலங்களில் பொருள் மாற்றப்பட்டும் அலுவலர் மாறவில்லை. அவருடைய சம்பளமும் இடமாற்றமும் துறையின் கையிலேயே உள்ளன.

கேரளம் வேறு வழியில் சென்றது. 1996-இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட ஒதுக்கீட்டில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு அளிப்பதென முடிவு செய்யப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையங்களும் வேளாண் அலுவலகங்களும் கிராமப் பஞ்சாயத்துகளின் பொறுப்பில் வந்தன. 2020-இல் கொரோனா தொற்று பரவிய காலத்தில் சமுதாயச் சமையற்கூடங்களை அம்மன்றங்கள் விரைந்து நடத்த முடிந்ததற்கு இந்த நெடுங்கால அடித்தளம் துணை நின்றது.

ஓர் எச்சரிக்கையும் தேவை. கிராமத்தை இலட்சியமாக்கிப் பேசுவதை 1948-இல் அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர் கடுமையாக மறுத்தார். அதிகாரம் கீழே இறங்கினால் அது வலியவர் கையில் சிக்கக்கூடும் என்ற அச்சம் இன்றும் பொருளற்றதன்று. இட ஒதுக்கீடும், கிராம சபையும், சமூகத் தணிக்கையும் இதற்கான காப்புகள். இவை சடங்காகிவிட்டால், மேலிருந்த ஆதிக்கத்திற்குப் பதில் அருகிலுள்ள ஆதிக்கமே மிஞ்சும்.

அலுவலர்களாகப் பொறுப்பேற்கவிருக்கும் உங்களுக்கு ஒன்று சொல்வேன். கணக்கு விதிகளையும் தொழில்நுட்ப நெறிகளையும் மன்றத்திற்குத் தயங்காமல் எடுத்துரையுங்கள். விதிக்கு முரணான தீர்மானத்தை எழுத்தில் சுட்டிக்காட்டுங்கள். ஆனால் முறையான தீர்மானத்தைத் துறைத் தலைமையின் குறிப்புக்காகக் கிடப்பில் போடாதீர்கள். வரவு செலவுக் கணக்கைக் கிராம சபையில் எளிய மொழியில் படித்துக் காட்டுங்கள். அங்கே எழும் கேள்விக்கு நீங்களே எழுந்து விடையளிக்கும் நாளில்தான் அதிகாரப் பரவல் சட்டத்திலிருந்து ஊருக்கு வந்து சேரும்.